கத்திரிக்காயை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லையா? வரப்பைப் பாருங்கள்!

“என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான் உண்டு. மூன்று வருடங்களாக, மழை பெய்து களை எடுக்கும் சமயத்தில் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து கடுமையாக அரிக்கிறது. கத்திரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டோம். குற்றாலத்தில் குளித்தால் சரியாகும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?”
- வாசகி, பாவூர்சத்திரம், தென்காசி மாவட்டம்.

சாப்பாட்டை நிறுத்துவதற்கு முன்பு, உடம்பில் படும் பொருட்களைக் கவனிக்க வேண்டும். கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்களின் தோல், பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி. வெளிப்பொருட்கள் எளிதாக உள்ளே இறங்கும். அதனால், பழைய கரப்பானோடு ‘தொடு ஒவ்வாமை’யும் சேர்ந்துகொள்ளலாம். இது பெரும்பாலும் பொருள் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். திங்கட்கிழமை களை பறித்தவருக்குப் புதன்கிழமை அரித்தால், செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் மீது பழி விழுகிறது.

மழைக்குப் பிறகு, களை எடுக்கும்போது, இமையிலும் கழுத்திலும் அரிப்பு என்றால் முதல் சந்தேகம் பார்த்தீனியம் மீதுதான். 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இந்தக் களை, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதனால் வரும் தோல் அழற்சி 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள ‘பார்த்தெனின்’ என்ற பொருள்தான் முக்கியக் காரணம். செடியைத் தொட வேண்டும் என்பதில்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்து பட்டாலே போதும். சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய்க் காற்று எப்படி வீசும் என்பது தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்தி, சூரியகாந்தியும் ஒத்துக்கொள்ளாது.

வேறு காரணங்களும் உண்டு. சிமென்டில் உள்ள குரோமியம், ரப்பர் கையுறை, வாசனை சோப்பு, புண்ணில் பூசும் பச்சிலைச் சாறு, ‘நியோமைசின்’ கலந்த களிம்பு ஆகியவையும் ஒவ்வாமை தரலாம். ஆற்றுவதற்குப் பூசியதே அரிப்பைக் கூட்டுவதும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலவைக் களிம்புகளைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும்.

அருவிக் குளியல், ஒட்டிய தூசியைக் கழுவிவிடும், ஒவ்வாமையைக் குணமாக்காது. நெடுநேரம் நனைந்து, சோப்பும் தேய்த்தால் தோல் இன்னும் வறண்டுவிடும். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத வாஸ்லின் தடவுவது நல்லது.

காரணத்தை உறுதிசெய்ய ‘பேட்ச் டெஸ்ட்’ இருக்கிறது. தோல் மருத்துவர், சந்தேகப்படும் பொருட்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டுவார். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார். அதுவரை முதுகு நனையக் கூடாது. வியர்க்கும் வேலையும் கூடாது. எனவே, அருவிக் குளியலையும் களையெடுப்பையும் தள்ளிவைக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். போகும்போது, என்றைக்கு என்ன வேலை, என்றைக்கு அரிப்பு என்று இரண்டு வாரம் எழுதிய குறிப்பைக் கொண்டுபோனால் காரணத்தைப் பிடிப்பது சுலபம்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். கரப்பான் உள்ளவர், கையுறை போட்டுக்கொண்டும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மற்றவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துணி கட்டிப் பிடுங்கலாம். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். பயிர் இல்லாத பாதையோரங்களில், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். வயலுக்குள் தெளித்தால் மண் கெடும்.

இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டாலோ, புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கத்திரிக்காயைப் பொறுத்தவரை, அதைச் சாப்பிடும்போதெல்லாம் அரிப்பு வந்ததில்லை என்றால், தாராளமாகக் குழம்பு வைக்கலாம்.