வண்டிக்கு நகை போடும் வாலிபர்கள்

முன்புறம் பார்த்தால் கார். பின்புறம் பார்த்தால் சிறிய லாரி. முன்னால் கணவனும் மனைவியும் உட்காரலாம். பின்னால் ஆட்டையோ வைக்கோலையோ ஏற்றலாம். இப்படி ஒரு வண்டி ஆஸ்திரேலியா நாட்டில் உண்டு. அதற்கு "யூட்" என்று பெயர்.

அந்த நாட்டுக் கிராமத்து வாலிபர்கள் யூட் என்றால் உயிரை விடுகிறார்கள். சம்பளம் வாங்கியதும் பாதியை வண்டிக்குச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் ஒரு விளக்கு. அடுத்த மாதம் ஒரு சக்கரம். அதற்கு அடுத்த மாதம் பளபளக்கும் குழாய். பெண்ணுக்கு நகை சேர்ப்பது போல வண்டிக்குச் சேர்க்கிறார்கள்!

"இது என்ன பைத்தியம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் சொல்லும் முன் அந்த வண்டியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பெண் எழுதிய கடிதம்

1932-ம் ஆண்டு. உலகம் முழுவதும் பணமுடை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாண்டு என்ற பகுதி. அங்கே ஒரு விவசாயி. அவருடைய மனைவி போர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

கார் வாங்கவும் லாரி வாங்கவும் எங்களுக்கு வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் உதவும்படி ஒரே வண்டி செய்து தர முடியுமா? இதுதான் கடிதத்தின் சாரம்.

அந்தப் பெண்ணின் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவர் கேட்டது கிடைத்தது.

கோவிலுக்குப் போகும்போது மழை பெய்தால் நல்ல சேலை பாழாவது போல, அந்த ஊர்ப் பெண்களின் நல்ல உடையும் பாழாகும். அதுவரை இருந்த சாமான் வண்டிகளில் முன்பக்கம் துணிக்கூரைதான். பக்கத்தில் கண்ணாடி கிடையாது. காற்றும் மழையும் உள்ளே வரும். காருக்குக் கடன் கேட்டால் பாங்கிக்காரர்கள் கை விரித்தார்கள். தொழிலுக்கு வண்டி என்றால்தான் கடன் கொடுத்தார்கள்.

ஜீலாங் நகரத்தில் போர்டு கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கே லூயிஸ் பாண்ட் என்ற வாலிபர் வேலை பார்த்தார். 1910-ம் ஆண்டு பிறந்தவர். வண்டிகளின் உருவத்தை வரைந்து கொடுப்பது அவருடைய வேலை. கடித விஷயம் அவரிடம் வந்தது. கரும்பலகையில் படம் போட்டார். காரின் முன்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். இரும்புக் கூரை, கண்ணாடி ஜன்னல், மெத்தை எல்லாம் உண்டு. பின்பக்கத்தில் சாமான் தொட்டி. இரண்டையும் ஒட்டுப் போட்டது தெரியாமல், பக்கத் தகட்டை ஒரே நீளமாக இழுத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. சுமார் 550 கிலோ எடை தாங்கியது. 1934-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு இந்த வண்டியைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டாராம். "கங்காரு துரத்தும் வண்டி" என்று பதில் வந்ததாம். நடந்ததோ இல்லையோ, ஆஸ்திரேலியர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1951-ல் ஹோல்டன் கம்பெனியும் யூட் செய்து போட்டிக்கு வந்தது. அமெரிக்காவுக்கு இந்த யோசனை பிறகுதான் வந்தது. அங்கே 1957-ல் போர்டு "ராஞ்சரோ"வும், 1959-ல் செவர்லே "எல் கமினோ"வும் வந்தன.

எனவே யூட், பணக்காரனின் விளையாட்டுச் சாமானாகப் பிறந்தது அல்ல. ஏழை விவசாயியின் வீட்டில், ஒரு பெண்ணின் யோசனையில் பிறந்தது. அதனால்தான் அந்த நாட்டு ஜனங்களுக்கு அதன் மேல் இவ்வளவு பாசம்.

பத்தாயிரம் வண்டித் திருவிழா

மெல்போர்ன் நகரத்துக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் டெனிலிக்வின் என்ற சிற்றூர் இருக்கிறது. நெல் விளையும் பூமி. அங்கே பெரிய அரிசி ஆலை உண்டு. மழை பொய்த்தால் ஊரே வாடும். 2007-ல் அப்படித்தான் கடும் வறட்சி. நெல் வரவில்லை. ஆலையைப் பூட்டிவிட்டார்கள்.

இந்த ஊரில் 1999-ம் ஆண்டு முதல் யூட் திருவிழா நடக்கிறது. செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் முதலில் நடைபெறும். நாடெங்கும் இருந்து வண்டிகள் வரும். ஒரு தடவை ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான யூட்கள் வரிசையாக நின்று உலக சாதனை செய்தன. 2020-ல் கொரோனா வந்து திருவிழா நின்றது. 2022-ல் மழை வந்து மைதானம் சேறாகி நின்றது. வறட்சியால் வாடும் ஊரில், மழையால் திருவிழா நின்றதை என்னவென்று சொல்வது!

ஆண்களும் பெண்களும் நீல நிறக் கையில்லாப் பனியன் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் நிற்பார்கள். அதற்கும் ஒரு சாதனைக் கணக்கு உண்டு. வண்டிகளுக்குப் போட்டி நடக்கும். துளி தூசி இல்லாமல் மின்னும் யூட்டுக்கு ஒரு பரிசு. சேறும் கீறலுமாக, காட்டில் அலைந்து வந்த யூட்டுக்கு ஒரு பரிசு. பெண்கள் வைத்திருக்கும் யூட்டுக்குத் தனிப் பரிசு.

ஆனால் பரிசை விடப் பேச்சுதான் முக்கியம். வண்டியை நிறுத்தியதும் பக்கத்து வண்டிக்காரன் வந்து குனிந்து பார்ப்பான். "இந்தக் கம்பியை நீயே வளைத்தாயா? எங்கே பற்ற வைத்தாய்?" என்று கேட்பான். அவ்வளவுதான். முன்பின் தெரியாத இருவர் ராத்திரி வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பண்ணைக்கே இருபது கிலோமீட்டர் போக வேண்டிய நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல. வாரம் முழுவதும் ஆட்டு மந்தையோடும் டிராக்டரோடும் தனியாக இருக்கிற வாலிபனுக்கு, பேச ஒரு ஆள் கிடைக்கிறான்.

இன்னொரு வேடிக்கை. சினிமா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது போல அங்கே போர்டு கட்சி, ஹோல்டன் கட்சி என்று இரண்டு உண்டு. அப்பா போர்டு என்றால் பிள்ளையும் போர்டு. எதிர்க் கட்சி வீட்டில் பெண் எடுத்தால் கலியாணத்திலும் கேலி நடக்கும்.

எதற்கு இந்த அலங்காரம்?

ஒவ்வொரு அலங்காரத்துக்கும் அடியில் ஒரு காரணம் இருந்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

வண்டியின் முன்னால் கனமான இரும்புத் தடுப்பு இருக்கும். அது கங்காருவுக்காக. பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் கங்காருக்கள் பாதையில் குதித்து ஓடும். வேகமாகப் போகும் வண்டியில் மோதினால் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்த் தொட்டி நொறுங்கும். ஆள் அரவம் இல்லாத காட்டில் வண்டி நின்றுவிடும். தடுப்பு இருந்தால் வீடு வந்து சேரலாம். பெரிய பெரிய விளக்குகளும் அதே கங்காருவைத் தூரத்திலேயே பார்ப்பதற்குத்தான். நீண்ட கம்பி வானொலிக்கு. டெலிபோன் எட்டாத இடத்தில் ஒரு வண்டிக்காரர் இன்னொருவரோடு பேச அது வேண்டும். சக்கரத்தின் பின்னால் தொங்கும் அகலமான ரப்பர் தட்டி, கப்பிக் கல் தெறித்துப் பின்னால் வருகிறவர் கண்ணாடி உடையாமல் இருக்க.

ஒரு கம்பி போதும் என்ற இடத்தில் ஐந்து கம்பி நட்டு, ஐந்திலும் கொடி கட்டினால் அது அழகுக்காக. இரண்டு விளக்கு போதும் என்ற இடத்தில் பத்து விளக்கு வைத்தால் அதுவும் அழகுக்காக. அதில் தவறு இல்லை. கோலத்துக்கு நாலு புள்ளி போதும் என்று எந்தப் பெண் நிறுத்துகிறாள்?

அழகு எங்கே ஆபத்தாகிறது என்பதுதான் கேள்வி.

பலர் வண்டியை உயரமாகத் தூக்குகிறார்கள். பெரிய சக்கரம் போடுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அதிக தூரம் போகும். வேகம் காட்டும் முள்ளுக்கு அது தெரியாது. முள் 100 என்று காட்டும். வண்டி அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். உயரம் கூடினால் பாரமும் மேலே ஏறுகிறது. வளைவில் சட்டென்று திருப்பினால் வண்டி கவிழ்ந்துவிடும். முன்னால் ஒரு குழந்தை நின்றால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வருகிறவர் கண்ணில் விளக்கு நேராக அடிக்கும்.

முன் தடுப்பிலும் விஷயம் உண்டு. இக்கால வண்டிகளில், மோதினால் விரிந்து மார்பைத் தாங்கும் காற்றுப் பை இருக்கிறது. அந்த வண்டிக்குப் பொருந்தாத தடுப்பைப் போட்டால் பை விரியும் நேரமே மாறிவிடலாம். சிலர் தூண்டில் கோல் செருகுவதற்குத் தடுப்பின் மேல் குழாய்களைப் பற்ற வைக்கிறார்கள். நடந்து போகிறவர் மேல் மோதினால் அவை ஈட்டி போலக் குத்தும். அதனால் அதிகாரிகள் அதை அனுமதிப்பதில்லை.

ஆகவே சட்டம் இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் வண்டியை மாற்றினால் அங்கீகாரம் பெற்ற எஞ்சினீயர் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போலீசார் வண்டியை நிறுத்துவார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம். ஐந்து வருடச் சம்பளத்தைப் போட்டு அழகு செய்த வண்டி, ஒரு காகிதம் இல்லாததால் அன்றோடு பழைய இரும்பு!

பின் தொட்டியில் நிற்கும் நாய்க்கும் சட்டம் உண்டு. யூட் என்றால் நாய் இருக்கும். ஆடு மேய்க்கும் கெல்பி நாய்தான் பெரும்பாலும். ரோட்டில் போகும்போது குதிக்காமல் கட்டி வைக்க வேண்டும். விக்டோரியா மாநிலத்தில் வெயில் 28 டிகிரியைத் தாண்டினால், சூடேறும் தகரத் தொட்டியில் நாயை அப்படியே நிற்க விடக் கூடாது. பாதம் வெந்துவிடும்.

மைதானம் கொடுங்கள்

கிராமத்து வாலிபர்களுக்கு இன்னொரு ஆசை உண்டு. காலி நிலத்தில் வண்டியைச் சுழற்றிச் சுழற்றி வட்டம் போடுவது. புழுதி கிளம்பும். சக்கரம் அலறும். ரோட்டில் இதைச் செய்தால் ஆள் சாவான். வாலிபர்களின் நடன விருந்துகளில் குடித்துவிட்டுச் செய்தால் நிச்சயம் சாவான். இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அந்த நாட்டில் உண்டு.

டெனிலிக்வின் திருவிழாவில் வட்டம் போடுவதைப் போட்டியாகவே வைத்துவிட்டார்கள். வேலி போட்ட மைதானம். பார்க்கிறவர்கள் வேலிக்கு வெளியே. நடுவர்கள் மார்க்குப் போடுகிறார்கள். ஆசையை அடக்கு என்று உபதேசம் செய்வதை விட இது நல்ல வழி. இருபது வயதில் எவனும் உபதேசம் கேட்பதில்லை. இடம் கொடுத்தால் வருகிறான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஒழுங்காகவும் ஓட்டுகிறான்.

எஞ்சினீயர் சான்றிதழ் விஷயத்திலும் இந்தப் புத்தி வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தூரத்து ஊரில் இருக்கிற பையன் சான்றிதழுக்காக நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது, பணமும் செலவு. அப்படி இருந்தால் அவன் சான்றிதழ் இல்லாமலே ஓட்டத்தான் பார்ப்பான். ஆயிரக்கணக்கான வண்டிகள் கூடுகிற திருவிழாவிலேயே ஒரு எஞ்சினீயரை உட்கார வைத்து, குறைந்த கட்டணத்தில் வண்டியைப் பார்த்துச் சொன்னால் என்ன? அபராதச் சீட்டோடு வருகிறவரைக் கண்டால் ஓடுகிறவர்கள், யோசனை சொல்கிறவரைச் சூழ்ந்துகொள்வார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் வாங்கி, கடையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வருகிறவன் செய்வது வீண் செலவுதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பழைய வண்டி ஒன்றை வாங்கி, உடைந்த வண்டிகள் கிடக்கும் பட்டறையில் சாமான் தேடி, தானே கழற்றி, தானே மாட்டுகிறவன் வேறு ரகம். பற்ற வைக்க, வர்ணம் அடிக்க, மின்கம்பி இழுக்க அவன் கற்றுக்கொள்கிறான். சம்பளம் வாங்காத தொழிற்பள்ளி அது.

அப்படிப்பட்டவர்களுக்கு இனி வேலை அதிகம். ஆஸ்திரேலியாவில் யூட் செய்வது நின்றுவிட்டது. போர்டு கம்பெனியின் கடைசி பால்கன் யூட் 2016 ஜூலை மாதம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. ஹோல்டன் தொழிற்சாலை 2017 அக்டோபர் 20-ந் தேதி மூடப்பட்டது. தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இப்போது அங்கே அதிகம் விற்கும் டொயோட்டா ஹைலக்சும் போர்டு ரேஞ்சரும் தாய்லாந்திலிருந்து கப்பலில் வருகின்றன. சீனாவிலிருந்து பாதி பெட்ரோல், பாதி மின்சாரத்தில் ஓடும் யூட்டும் வந்துவிட்டது. இவை உயரமானவை, நாலு கதவு உள்ளவை. குடும்பத்தோடு போகலாம். பழைய யூட் போலத் தாழ்வாக, கார் போல ஓடுவது இல்லை.

லூயிஸ் பாண்ட் இதைப் பார்க்கவில்லை. 1987-ம் ஆண்டு, தன் கண்டுபிடிப்பைப் பற்றிய படப்பிடிப்புக்குப் போய்விட்டு, 1934-ம் ஆண்டு மாடல் யூட்டில் திரும்பிக்கொண்டிருந்தார். அவரே பழுது பார்த்துப் புதுப்பித்த வண்டி. பானக்பர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் லாரியோடு மோதி அந்த வண்டியிலேயே உயிரிழந்தார்.

உள்நாட்டில் செய்த பழைய யூட்களுக்கு இப்போது கிராக்கி. ஒரு காலத்தில் பண்ணை மூலையில் கோழி அடைந்து கிடந்த வண்டியைக்கூடத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்து விலை கேட்கிறார்கள். கதவுப் பிடி, விளக்குக் கண்ணாடி, பின் தொட்டியின் கதவு என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். கிடைக்காததைத் தகட்டில் அடித்துத் தாங்களே செய்கிறார்கள்.