சோயா நல்லதுதான், ஆனால் குடலும் ஒத்துழைக்க வேண்டும்



போன மாதம் கைலாசபுரத்தில் காலை நடை போகும்போது பழைய மாணவி ஒருத்தி என்னை நிறுத்தினாள். அவளுக்கே ஐம்பது வயது ஆகப்போகிறது! "டீச்சர், மாதவிலக்கு நிற்கிற நேரம். திடீர் திடீரென்று உடம்பு அனலாகக் கொதிக்குது. சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா? டப்பா ஆயிரம் ரூபாய்க்கு மேல சொல்றாங்க" என்றாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

என் கருத்து இதுதான்: வாயில் போடுவது வேறு, உடம்பில் சேர்வது வேறு. டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் முதலியவற்றைத்தான் ஐசோஃபிளேவோன் என்கிறார்கள். பயறில் இவை பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே ரத்தத்தில் சேராது. சிறுகுடல் சுவரில் உள்ள நொதியும் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட வேண்டும். உள்ளே போனதும் கல்லீரல் அதை மாற்றி அனுப்ப, ஓரிரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சிலருடைய குடல் பாக்டீரியா டெய்ட்ஸீனை 'ஈக்வால்' என்ற பொருளாக மாற்றும். 1932-இல் சினைக் குதிரையின் சிறுநீரில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். சோயாவின் பலனில் இதற்குப் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் எல்லோர் குடலும் இதைச் செய்யாது. ஜப்பானில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், மேலை நாடுகளில் நான்கில் ஒருவர், மூன்றில் ஒருவருக்கும்தான் இது நடக்கிறது. ஒரே மாத்திரையை அக்காவும் தங்கையும் சாப்பிட்டாலும் பலன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உடம்புச் சூட்டுக்கு இந்த மாத்திரை கேட்குமா என்ற ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சளி பிடித்தாலே சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோமே, அது இந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துத்தான் அழிக்கிறது.

அதற்காகச் சோயாவையே ஒதுக்கச் சொல்லவில்லை. நம் வீட்டு மீல்மேக்கர் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. பாதிக்குப் பாதி புரதம். விலையும் குறைவு. சோயா பயறைப் பச்சையாக மட்டும் அரைத்துக் குடிக்காதீர்கள். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, நன்றாக வேகவைத்தால் அடங்கிவிடும். மணிப்பூரில் ஹவாய்ஜார், சிக்கிமில் கினிமா என்று சோயாவை வேகவைத்துப் புளிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள். அப்படிப் புளிக்கும்போதே நுண்ணுயிர்கள் சர்க்கரையை வெட்டும் வேலையில் ஒரு பகுதியை முடித்துவிடுகின்றன. நாம் இட்லி மாவைப் புளிக்கவைப்பவர்கள், நமக்கு இது புரியும்.

கடைசியாக என் சொந்தக் கதை. எனக்குப் பல வருடமாகத் தைராய்டு மாத்திரை உண்டு. சத்து என்று நினைத்து, காலையில் மாத்திரை போட்ட கையோடு ஒரு டம்ளர் சோயா பால் குடித்துவந்தேன். சில மாதத்தில் சோர்வு, மலச்சிக்கல். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. "மாத்திரையோடு என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாத்திரை குடலில் சேர்வதைச் சோயா குறைத்துவிடுமாம். இப்போது வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. சோயா என்றால் மத்தியானச் சாப்பாட்டோடுதான். நீங்களும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாரம் இரண்டு நாள் மீல்மேக்கர் குழம்பு வை. தினம் கொஞ்சம் காய், கீரை, மோர் சேர்த்துக்கொள். அனல் தாங்க முடியவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார். அந்த ஆயிரம் ரூபாயை அதற்கு வைத்துக்கொள்.

வீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மா, அத்தை, சித்தி இருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்