ஃபேனைப் பிடுங்கினான், சத்தம் கூடிவிட்டது!

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். ஒவ்வொரு பாகமாக வாங்கி, போன வருடம் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தான். அந்த வீட்டில் ஹாலில்தான் கம்ப்யூட்டர், அதே ஹாலில்தான் பாட்டியின் கட்டிலும். இரவு 11 மணிக்கு அவன் வீடியோ எடிட்டிங்கை ஆரம்பித்தால் போதும், "காதுகிட்ட மிக்ஸி ஓடுற மாதிரி இருக்குடா" என்று பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார். இவனுக்கோ வெள்ளிக்கிழமைக்குள் ப்ராஜெக்டை முடித்தாக வேண்டும்.

ஃபேன்தானே சத்தம் போடுகிறது, ஒன்றைக் குறைத்துவிடலாம் என்று கேபினட்டின் பின்பக்க ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். சத்தம் முன்பைவிடக் கூடிவிட்டது. "மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று வாசலில் வந்து நின்றான்.

பின்பக்க ஃபேனின் வேலையே உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான். அது நின்றதும் சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது. சமாளிக்க பிராசஸர் மேலிருக்கும் ஃபேனும் கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன்களும் தலைதெறிக்க ஓடுகின்றன. சத்தத்தைத் தீர்மானிப்பது ஃபேன்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வேகம்தான். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால், ஒன்று போடும் சத்தத்தோடு 3 டெசிபல்தான் கூடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். இரண்டு ஃபேனை மெதுவாக ஓட விடுவது ஒன்றை விரட்டுவதைவிட அமைதியானது. 80 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 120 மி.மீ. போடச் சொல்வதும் இதனால்தான். பெரிய இறக்கை நிதானமாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும்.

முதலில் ஒயரை மறுபடி செருகச் சொன்னேன். பிறகு பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமாகக் காட்டினோம். (இறக்கையைத் தொடாமல்!) கத்தியது பிராசஸர் ஃபேன். பவரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. ரோட்டைப் பார்த்த வீடு, ஒரு வருடமாகத் திறக்கவே இல்லை. காய்ந்த பெயின்ட் பிரஷ், சின்ன புளோயர் இரண்டும் போதும். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடுத்தது காசு செலவில்லாத வேலை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் செட்டிங்கிற்குள் போனால் ஃபேன் கன்ட்ரோல் இருக்கும். ஒயரில் 4 பின் என்றால் பி.டபிள்யூ.எம்., 3 பின் என்றால் டி.சி. என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இவன் எல்லாவற்றையும் கொஞ்சம் சூடு ஏறினாலே வேகம் எடுக்கும்படி வைத்திருந்தான். 'கேமிங் பி.சி. இல்லையா மாமா!' 50 டிகிரி வரை மெதுவாக, அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக, 80ஐ நெருங்கினால் முழு வேகம் என்று மாற்றினோம். கூடவே, சூடு ஏறியதும் உடனே பாயாமல் சில விநாடி பொறுத்து வேகம் எடுக்கும்படியும் வைத்தோம். இது முக்கியம். பிரவுசரைத் திறந்தாலே பிராசஸர் சூடு ஒரு விநாடியில் எகிறி இறங்கும். ஃபேனும் கூடவே சீறி அடங்கும். ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் தூக்கத்தைக் கலைக்கும்.

கேபினட், மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு சாண் தள்ளி வைத்து, அடியில் பழைய மவுஸ் பேடை வெட்டிப் போட்டோம். மேஜையின் அதிர்வும் நின்றது. அரை மணி நேரம் வீடியோவை ஓடவிட்டு சூட்டைப் பார்த்தோம், 80ஐத் தொடவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஃபேன் 'கரகர' என்றால் பேரிங் தேய்ந்திருக்கும். எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

ப்ராஜெக்ட் வியாழன் இரவே முடிந்தது. பாட்டி விடிய விடியத் தூங்கினாராம். மறுநாள் காலை பால் வாங்க வந்தவர் என்னிடம் சொன்னது: "மேல ஓடுற சீலிங் ஃபேன் கடகடங்குதுப்பா. இத்தனை நாள் அது காதுலயே விழல."