கண்ணாடி வளையல்கள்

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு மகாசிவராத்திரி. 1944 ஆம் ஆண்டில் அப்புண்ணிய தினம் பிப்ரவரி 22 அன்று வாய்த்தது. ஆலயங்களில் முதற்கால பூஜைக்கு அன்பர்கள் கூடிக்கொண்டிருந்த மாலைப் பொழுதில், புனேயில் சிறையாக்கப்பட்டிருந்த ஆகாகான் மாளிகையில், கணவரின் மடியில் தலை சாய்த்தபடியே அன்னை கஸ்தூரிபா இறைவனடி சேர்ந்தார்.

போர்பந்தரில் 1869 இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே காந்தியடிகளுக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உடன் வாழ்ந்தவர். கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று 1913 இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கினி சாட்சியாக மணந்த மங்கையர்க்கு நேர்ந்த அந்த அவமதிப்பைப் பொறாமல், போராட்டத்தில் இறங்கி மூன்று மாதக் கடுங்காவலை ஏற்றார். விரதத்தை விடாமல் சிறையிலும் பழங்களையே உண்டு, உடல் நலிந்து வெளியே வந்தார்.

நான்கு புதல்வர்களின் தாய் அவர். மூத்த மருமகள் 1918 இல் விஷக்காய்ச்சலுக்குப் பலியானபோது, தாயற்ற பேரக்குழந்தைகளைத் தாமே அரவணைத்து வளர்த்தார். கடைக்குட்டியான தேவதாஸை 1933 இல் ராஜாஜியின் மகள் லட்சுமி மணந்ததால், தமிழகத்துக்கும் அவர் சம்பந்தியம்மாள் ஆனார்.

அவருடைய பக்தி, நம் இல்லங்களில் பாட்டிமார் காத்துவந்த எளிய பக்தி. ஏகாதசி விரதம், துளசி பூஜை, ராமநாமம் என்பவையே அவர் கண்ட நெறி. அந்தப் பக்திக்கும் 1938 இல் ஒரு சோதனை வந்தது. ஒடிசாவுக்குச் சென்றிருந்தபோது, பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கும் ஆவலால் அவர் ஆலயத்துள் சென்றுவிட்டார். ஹரிஜனங்களுக்கு அப்போது அங்கே அனுமதி இல்லை. செய்தியறிந்த காந்தியடிகள் பெரிதும் மனம் நொந்தார். கஸ்தூரிபா வாதாடவில்லை, குழந்தையைப் போலத் தம் பிழையை ஒப்புக்கொண்டார். மனைவிக்கு உணர்த்தத் தவறியது தம் குற்றமே என்று கணவர் வருந்தினார். சுவாமியைக் காணத் துடித்த உள்ளம் ஒருபுறம். வாயிலிலேயே நிறுத்தப்பட்ட அடியார்களின் துயரம் மறுபுறம். முதுமையிலும் அந்த இரண்டாவதை உணர்ந்து தலைவணங்கியதே அவருடைய பெருமை.

அடுத்த ஆண்டே, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் ஹரிஜன அன்பர்களை மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் அழைத்துச் சென்றார். எல்லோருக்கும் திறந்த அச்சந்நிதியில் காந்தியடிகள் 1946 இல் வழிபட்டபோது, அருகே நிற்க அன்னை இல்லை.

இறுதி நாட்களில் தேவதாஸ் கொணர்ந்த கங்கை நீரைப் பருகினார். கணவர் நூற்ற நூலில் நெய்த புடவையே அவருக்கு இறுதி ஆடையாயிற்று. சிதை எரிந்து அடங்கும்வரை காந்தியடிகள் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. பின்னர் அஸ்தி சேகரித்தவர்கள், சாம்பலினிடையே அவருடைய ஐந்து கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடக்கக் கண்டனர்.

சிவராத்திரி தோறும் கண்விழித்துச் சிவநாமம் சொல்லும் அன்பர்கள், ஒரு கணம் இந்த மூதாட்டியையும் நினைக்கலாம். தத்தம் இல்லத்தில் துளசிக்கு நீர் வார்த்து மறைந்த தாயையும் மனைவியையும் நினைத்து ஓர் அகல் ஏற்றலாம்.