தேகப் பருமனும் தசை வலிவும்

தேகம் பெருத்துவிட்டதென்று அஞ்சும் நம்மவர் முதலில் கை வைப்பது உணவிலேதான். தராசு முள் இறங்கக் கண்டு மகிழ்கின்றனர்; இறங்கியது யாதென்று விசாரிப்பாரில்லை. பட்டினியால் மட்டும் குறைந்த எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பன்று, தசை முதலியனவாம். வயோதிகர்க்கு இந்நஷ்டம் எளிதில் ஈடாவதன்று.

பளு தூக்கினாலே உடல் இளைத்துவிடுமென்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு கூறும் விளம்பரங்களை நம்பற்க. ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரியே. உணவைக் குறைக்குங்கால் தசையைக் காத்துக் கொழுப்பைக் கரையவிடுவதே அப்பயிற்சியின் பயன். வாரம் இரு நாளேனும் அது வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறியிருக்கிறது.

இதற்குப் பணம் வேண்டா. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நமக்குப் புதியனவல்ல. தேசத்தின் வலிவைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, மாடிப்படியில் மூச்சிரைக்கும் நண்பர்கள் நாளைக் காலையே பத்துப் பஸ்கியில் தொடங்கலாம்.