பொத்தானை அழுத்தினால் பாட்டு வந்துவிடுமா?

சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து மறுபடி வாசிக்கும் கருவியில், உருவான எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், இசை தெரிந்தவர்கள் வட்டத்தில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: “அதெல்லாம் வெட்டி ஒட்டுற வேலை சார். வாசிக்கத் தெரியாதவன் பொத்தானை அமுக்குறான்.” கேட்பதற்கு ஒரே குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால் நான்கு: உழைப்பு இல்லை, லயம் இல்லை, புது ஒலி இல்லை, நேர்மை இல்லை. கடைசிக் குற்றச்சாட்டில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. மற்ற மூன்றும் நிற்காது.

என் தரப்பு சாட்சி டிஜே ஷேடோ 1996-ல் வெளியிட்ட ‘எண்ட்ரொட்யூசிங்’ ஆல்பம். கலிஃபோர்னியாக்காரரான ஷேடோ, அதாவது ஜோஷ் டேவிஸ், தன் இருபத்து நான்காவது வயதில், கிட்டத்தட்ட முழுவதையும் பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கொண்டே கட்டிய ஆல்பம் அது. முழுக்கச் சாம்பிள்களால் ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் புத்தகம் அதைக் குறித்துவைத்திருக்கிறது. முக்கியக் கருவிகள் மூன்று: அகாய் எம்பிசி60 சாம்ப்ளர், ஒரு டர்ன்டேபிள், பதிவுக்கு ஏடாட் டேப் கருவி.

முதலில் உழைப்பு. ரோஜர் லின் வடிவமைக்க, அகாய் நிறுவனம் 1988-ல் சந்தைக்குக் கொண்டுவந்த இயந்திரம் எம்பிசி60. அதன் முகப்பில் பதினாறு ரப்பர் பட்டைகள் இருக்கும். கடையில் வாங்கிய நிலையில் அதன் நினைவகத்தில் சுமார் 13 வினாடி ஒலிதான் கொள்ளும். கூடுதல் நினைவகம் சேர்த்தால் 26 வினாடி. டிரம், பேஸ், பியானோ, குரல் எல்லாமே அதற்குள் அடங்கவேண்டும். இடம் போதாமல் தவித்தவர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். 33 வேகத்தில் சுழலவேண்டிய தட்டை 45-ல் ஓடவிட்டுப் பதிவுசெய்வார்கள். பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை இறக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம். கூடவே ஒலியில் ஒரு சொரசொரப்பும் ஏறிக்கொள்ளும். இன்று பல ஆயிரம் ரூபாய் மென்பொருள் வாங்கி அந்தச் சொரசொரப்பைப் போலிசெய்கிறார்கள் என்பது தனிக்கதை.

‘எண்ட்ரொட்யூசிங்’ ஆல்பத்தில் வரும் ‘மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பியானோ, லாஸ் ஏஞ்சலஸ்காரர் டேவிட் ஆக்ஸல்ராட் 1969-ல் செய்த ஒரு தட்டிலிருந்து வந்தது. இன்னொரு துண்டு ஃபின்லாந்து பேஸ் கலைஞர் பெக்கா போயோலாவினுடையது. ஊடே ஒலிக்கும் குரல், நியூயார்க்கின் மெரெடித் மாங்க் 1981-ல் வெளியிட்ட ‘டால்மன் மியூசிக்’ ஆல்பத்திலிருந்து எடுத்தது. ஒருவரையொருவர் மனதில் வைத்து இவர்கள் இசையமைக்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு சுருதி, வேறு காலப்பிரமாணம். அந்தத் தலைமுறைச் சாம்ப்ளரில் இரண்டையும் தனித்தனியாக மாற்றவும் முடியாது. சுருதியை இறக்கினால் துண்டு நீளும்; ஏற்றினால் சுருங்கும். ஆகவே பியானோவுக்குக் குரல் சேரும்படி சுருதியைத் திருத்தினால் தாளம் நழுவும், தாளத்தைப் பிடித்தால் சுருதி பிசகும். எங்கே வெட்டினால் இரண்டும் ஒத்துவரும் என்று காதால்தான் தேடவேண்டும். ஒத்துவராத தட்டைத் தூக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். சாக்ரமெண்டோவின் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் தட்டுகள் மலைபோல் குவிந்த நிலவறை ஒன்றில் ஷேடோ உட்கார்ந்து தேடுவதை 2001-ல் வந்த ‘ஸ்கிராட்ச்’ ஆவணப்படத்தில் பார்க்கலாம். வீணையை மீட்டத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிக்கொள்ளுங்கள். சுருதிஞானம் இல்லாதவர் என்று சொல்ல வாய்ப்பில்லை.

லயம் இல்லை என்பதற்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ரோஜர் லின் தன் இயந்திரங்களில் ‘ஸ்விங்’ என்றொரு வசதியை வைத்தார். ஒன்றுவிட்டு ஒரு அடியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, கடிகாரத் துல்லியத்தை உடைக்கும் வசதி அது. டெட்ராய்ட்டின் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா அதற்கும் ஒரு படி மேலே போனார். அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் திருத்தத்தையே அணைத்துவிட்டு, பட்டைகளை விரலால் தட்டித் தட்டி வாசித்தார். அவருடைய டிரம் கொஞ்சம் தள்ளாடும், ஆனால் விழாது. அவர் வைத்திருந்த எம்பிசி3000 சாம்ப்ளர் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது, புது ஒலி இல்லை, எல்லாம் பழசின் எச்சில் என்பது. இதைச் சொல்பவர்கள் சாம்ப்ளர் என்றால் பிறர் பாட்டை மட்டுமே விழுங்கும் என்று நினைக்கிறார்கள். மைக் வைத்துப் பிடிக்கக்கூடிய எதையும் அது விழுங்கும். சாம்ப்ளர் பிறப்பதற்கு வெகு முன்பே, 1948-ல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் எஞ்சின் ஒலிகளைத் தட்டில் பதிந்து ஒரு படைப்பு செய்தார். அந்த வழியில் வந்த மாட்மோஸ் இரட்டையர் 2001-ல் அறுவைசிகிச்சை ஒலிகளை, கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் சத்தம் உட்பட, வைத்து ஒரு முழு ஆல்பம் தந்தார்கள். ஆடவும் வைக்கும், வயிற்றையும் புரட்டும்.

மாத்யூ ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர் இன்னும் கறார். பிறர் இசையைச் சாம்பிள் செய்யமாட்டேன், தயாராகக் கிடைக்கும் ஒலிகளைத் தொடமாட்டேன் என்று 2000-ல் தனக்கே ஒரு விதிப்பட்டியல் எழுதிக்கொண்டவர். 2011-ல் வந்த அவருடைய ‘ஒன் பிக்’ ஒரே ஒரு பன்றியின் கதை. அது பிறந்ததிலிருந்து சமைத்துப் பரிமாறப்பட்டது வரை ஒலிகளைப் பிடித்து, அவற்றால் கட்டிய ஆல்பம். வெட்டும் தருணத்தைப் பதிவுசெய்ய மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. பன்றியின் தோலில் ஒரு பறைமேளம் செய்துகொண்டார். ஆல்பம் வெளிவருமுன்பே விலங்குரிமை அமைப்பான பீட்டா கண்டித்தது. எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் கேட்கவே கஷ்டம். ஆனால் ‘பழசின் எச்சில்’ என்று அதைச் சொல்லமுடியுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் சினிமாப் பாடல்களில் 90-களிலிருந்து நாம் உருகிக் கேட்கும் வயலின் கூட்டங்களில் பலவும் கீபோர்டில் ஏற்றிய சாம்பிள்கள்தான். ஒளித்து வைத்தால் ஆர்க்கெஸ்ட்ரா, வெளிப்படையாகச் செய்தால் வெட்டி ஒட்டல் என்பது என்ன நியாயம்?

கடைசியாக நேர்மை. கேட்காமல் எடுப்பது திருட்டு என்று 1991-ல் நியூயார்க் நீதிமன்றமே ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் சொல்லிவிட்டது; அனுமதியும் பணமும் முறை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ 2007-ல் பாடகி மாயாவின், அதாவது எம்.ஐ.ஏ.வின், ‘பாம்பூ பங்கா’வில் ஒலிக்கும்போது, இளையராஜா பெயர் போட்டார்களா என்று நாம் கேட்பது சரியான கேள்வி. அது இசையா என்ற கேள்வி வேறு.

இந்த விவகாரத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம் கிரெகரி கோல்மன். வின்ஸ்டன்ஸ் குழு 1969-ல் வெளியிட்ட ‘அமென் பிரதர்’ பாட்டில் அவர் வாசித்த ஏழு வினாடிக்கும் குறைவான டிரம், ஆயிரக்கணக்கான பாடல்களில் புழங்குகிறது. அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடின்றி இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு மட்டும் 2015-ல் ரசிகர்கள் சுமார் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். கொடுமைதான். ஆனால் பாட்டின் உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. எடுத்த ஒவ்வொருவரும் முறைப்படி அனுமதி வாங்கிப் பணம் கட்டியிருந்தாலும், அந்தப் பணம் கோல்மனைத் தேடிப் போயிருக்காது. டிரம் வாசித்தவருக்குப் பாட்டில் பங்கில்லை என்ற ஏற்பாடு, முதல் சாம்ப்ளர் விற்பனைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இசைத்தட்டுத் தொழிலில் நடைமுறையில் இருந்தது.