ஃபைலைப் பார்க்கத் தெரிந்தால் போதுமா? குழந்தையைப் பார்க்கத் தெரிய வேண்டாமா?



மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு அலுவலர் மாதம் 27,804 ரூபாய். சமூகப் பணியாளர் 18,536. புறத்தொடர்பு பணியாளர் 10,592. 'வேலை தேடுற தம்பி தங்கைகளுக்கு உதவும்'னு நாமளும் ஷேர் பண்ணிட்டுப் போயிடுறோம்.

சம்பளம் எவ்வளவு குறைவு என்பது தனிக்கதை. இன்றைக்குப் பேச வேண்டியது, அந்த அறிவிப்பில் தகுதி என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது.

களத்துக்குப் போகிறவர்களை வழிநடத்த வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு என்ன தகுதி கேட்கிறார்கள்? சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் போன்ற ஒன்றில் முதுகலை. இளங்கலை மட்டும் என்றால் திட்டம் தயாரித்தல், செயல்படுத்தல், கண்காணித்தல், மேற்பார்வையில் 2 ஆண்டு அனுபவம். கூடவே கம்ப்யூட்டர் தெரிய வேண்டும். கவனிங்க, திட்டத்தை மேற்பார்வை செய்த அனுபவம்! ஒரு குழந்தையின் வழக்கைக் கையில் வைத்திருக்கும் ஊழியரை மேற்பார்வை செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

ரெண்டும் ஒண்ணு இல்லை. ஏன்னு சொல்றோம்.

1098-க்கு ஒரு அழைப்பு வருகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு. 24 வயது சமூகப் பணியாளர் ஒருத்தர் பஸ் பிடித்துப் போகிறார். வீட்டில் பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு 'எனக்குச் சம்மதம்தான்' என்கிறாள். நாளைக்குக் கல்யாணத்தை நிறுத்திவிட்டதாக எழுதிக் கொடுக்கிறார் அப்பா. பிள்ளையை அங்கேயே விடுவதா, குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோவதா? அழைத்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் நிறுத்த வேண்டும், 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விட்டுவிட்டு வந்தால்? அடுத்த வாரம் வேறு ஊர்க் கோயிலில் தாலி ஏறலாம்.

அந்த நேரம் அவர் மேலதிகாரிக்கு போன் போடுகிறார். 'எழுதி வாங்கிட்டியா? சரி, போட்டோ எடுத்து குரூப்புல போடு' என்பது ஒரு பதில். 'அந்தப் பொண்ணுகிட்ட தனியாப் பேசுனியா? ஸ்கூலுக்குப் போறாளா, எப்ப நின்னா? அங்கேயே இரு, நானும் வர்றேன்' என்பது இன்னொரு பதில். முதல் பதிலைச் சொல்ல கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும். இரண்டாவதைச் சொல்ல, தானே அப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் பல வருஷம் நின்றிருக்க வேண்டும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி, வளர்க்கிறோம் என்று அழைத்து வந்தவர்களின் சித்திரவதையில் இறந்தாள். உடம்பில் 128 காயங்கள். அவளை யாருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள். மருத்துவமனை, போலீஸ், சமூக சேவைத் துறை எல்லோரும் பார்த்தார்கள். 2003-ல் வந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை, களத்தில் இருந்த இளம் ஊழியரோடு நிற்காமல் மேலே இருந்தவர்களையும் கேள்வி கேட்டது. அது சொன்ன 108 பரிந்துரைகளில் ஒன்று ரொம்ப எளிமையானது: மேற்பார்வையாளர் குழந்தையின் கோப்பைத் தானே படித்து, ஆராய்ந்து, குறிப்பிட்ட இடைவெளியில் கையெழுத்துப் போட வேண்டும். பணக்கார நாட்டிலேயே இதை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல அலுவலர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுப்பவர்கள். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனசு, விதி அல்ல. அவர் மாறிப் போனாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ எல்லாம் போச்சு.

ஆகவே நாம் கேட்பது இது. குழந்தைகள் பாதுகாப்பில் நேரடிக் கள அனுபவம் குறைந்தது ஐந்து ஆண்டு இல்லாதவரை மேற்பார்வைக்குப் போடக்கூடாது. பதவியில் உட்காரும் முன் மேற்பார்வைக்கென்றே பயிற்சி வேண்டும். குழந்தையிடம் பேசும் முறை, போக்சோ, இளைஞர் நீதிச் சட்டம் எல்லாம் அதில் வரட்டும். துவண்டுபோன ஊழியரைத் தாங்கிப் பிடிப்பதும் வரட்டும். ஏனென்றால் தினமும் இந்தக் கொடுமைகளைக் கேட்கிறவர்களுக்கும் தூக்கம் போய்விடும், அதைக் கேட்க அலுவலகத்தில் ஒரு ஆள் வேண்டும். மாதம் இரண்டு முறையாவது ஒவ்வொரு வழக்கையும் உட்கார்ந்து பேச வேண்டும், எண்ணிக்கை கேட்கும் ரிவ்யூ மீட்டிங் அதில் சேராது. இவ்வளவும் கேட்டுவிட்டு வேலையை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தால் அனுபவசாலி எவரும் நிற்க மாட்டார். பணி நிரந்தரமும் சேர்ந்ததுதான் இந்தக் கோரிக்கை.

இன்னொன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. 'நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துப் போடுங்க' என்று இந்தப் பணிகளுக்குச் சிபாரிசு போகாத கட்சி எது? கசந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: மற்ற வேலைக்கே அது தப்பு, இந்த வேலைக்கு அது கொடுமை. மாவட்ட நிர்வாகிகள் யாரும் இந்தப் பதவிகளுக்குக் கடிதம் கொடுக்கக்கூடாது.

அடுத்த அறிவிப்பு உங்கள் மாவட்டத்தில் வரும்போது ஷேர் செய்யுங்கள். கூடவே தகுதிப் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேற்பார்வை அனுபவம் ஏன் கேட்கவில்லை என்று ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள். மனு எண்ணை மறக்காமல் கமெண்ட்டில் போடுங்கள்.